கிராவல் பாதை சமன்செய்யும் டிராக்டர் சட்டம்: பரம்பிலிருந்து இரட்டை பிளேடு வரை

கிராவல் பாதை சமன்செய்யும் டிராக்டர் சட்டம் என்பது, செம்மண் சரளை பரப்பிய பாதையில் மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புவதற்காக டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கப்படும் இரும்புக் கருவி. சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் தார் போடாத மனைப்பிரிவுத் தெருக்கள், தோட்டப் பாதைகள், கிடங்கு வளாகங்கள் ஆகியவற்றின் பராமரிப்புக்கு ஏற்றது. உழவரின் பரம்பு, அமெரிக்க மர இழுவை, ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு ஆகிய மூன்றும் இதன் முன்னோடிகள்.

செம்மண் சரளை

சென்னையைச் சுற்றிலும் செம்புரைச் சரளைப் படிவுகள் உள்ளன. செங்குன்றம் என்ற ஊர்ப்பெயரிலேயே அந்த நிறம் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் குழியிலிருந்து தொடங்கியது எனலாம். சரளை அவ்வளவு பழமையான படிவு. ஒருமுறை வெட்டினால் அந்த இடத்தில் மீண்டும் உருவாகாது. மழையில் கரைந்து ஓடும் ஒவ்வொரு லோடுக்கும் ஈடாக வேறெங்கோ ஒரு குழி வெட்டப்படுகிறது.

பரம்பு

உழுத வயலைச் சமன்செய்யத் தமிழக உழவர்கள் பயன்படுத்திய மரப்பலகை பரம்பு. மாடுகள் அதை இழுக்கும். பாரத்திற்காக ஓட்டுபவர் அதன்மேல் ஏறி நிற்பார். மேட்டில் உரசும் பலகை மண்ணைத் தள்ளிச் சென்று பள்ளத்தில் விட்டுவிடும். கயிற்றால் மட்டுமே கட்டப்பட்டிருப்பதால் மாடு ஏறி இறங்கினாலும் பரம்பு தரையோடு படிந்தே நகரும். பின்னாளில் வந்த கருவிகளின் வெற்றி தோல்வி இந்த ஓர் இயல்பைப் பொறுத்தே அமைந்தது.

பிளந்த மரமும் மும்முனை இணைப்பும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த விவசாயி டேவிட் வார்ட் கிங், 1896-இல் தம் வீட்டருகே இருந்த சேற்றுச் சாலையைக் குதிரை பூட்டிய மர இழுவையால் சீர்செய்யத் தொடங்கினார். ஒரு மரத்துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இரண்டரை அடி இடைவெளியில் இணைப்பது அவருடைய முறை. சங்கிலியால் சற்றுச் சாய்வாக இழுத்தால் மண் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரும். மழை விட்டு, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போது இழுக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய விதி. அமெரிக்க வேளாண்மைத் துறை 1908-இல் இதற்கெனத் தனிக் கையேடே வெளியிட்டது.

டிராக்டரையும் கருவியையும் மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கும் முறையை ஹாரி ஃபெர்குசன் 1920-களில் உருவாக்கினார். 1936-இல் அது விற்பனைக்கான டிராக்டரில் வந்தது. அவருடைய நிறுவனத்தின் தொடர்ச்சியான மாஸி ஃபெர்குசனின் கூட்டுடன் 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை அமைந்த செம்பியம், அம்பத்தூருக்குக் கிழக்கே உள்ளது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இரும்பை வெட்டவும் ஒட்டவும் தெரிந்த கைகள் இப்பகுதியில் பெருகின.

ஒற்றை பிளேடின் குறை

மும்முனை இணைப்பில் ஒற்றை பிளேடை இறுக்கமாக மாட்டினால் பாதை சமமாவதில்லை. டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னாலுள்ள பிளேடு கீழே இறங்கித் தரையைத் தோண்டும். பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடும் உயர்ந்து மண்ணைச் சீவாமல் விட்டுவிடும். இதனால் பழைய பள்ளங்களோடு புதிய அலைகளும் சேர்கின்றன. பரம்பைப் போலத் தரையில் தவழும் தன்மை இல்லாததே இதற்குக் காரணம்.

பட்டறையில் செய்யும் முறை

இரண்டு சி சேனல்களை 6 அடி நீளத்துக்குச் சறுக்குக் கட்டைகளாக வைத்து, அவற்றுக்கிடையே இரண்டு பிளேடுகளை இரண்டரை அடி இடைவெளியில் இணையாகப் பொருத்தலாம். நீளமான சட்டம் சிறு பள்ளங்களில் இறங்காமல் அவற்றைத் தாண்டிச் செல்லும். முன் பிளேடு சீவியதைப் பின் பிளேடு பரப்பும். டாப் லிங்க் பொருத்தும் இடத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வைத்தால், டிராக்டர் ஆடினாலும் சட்டம் தரையில் படிந்திருக்கும்.

பிளேடுகளின் இடது முனை முன்னாலும் வலது முனை பின்னாலும் இருக்க வேண்டும். பாதையின் இடது ஓரமாகப் போய், அதேபோல் இடது ஓரமாகவே திரும்பி வந்தால் இருபுறத்து மண்ணும் நடுவில் சேரும். 6 அடி பிளேடை 30 பாகை திருப்பினால் அது சீவும் அகலம் 5 அடி 2 அங்குலமாகக் குறையும். டிராக்டரின் சக்கரத் தடத்தை மூடும் அளவுக்குப் பிளேடின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

தேயும் விளிம்புக்குப் பழைய லாரி கமான் பட்டை உதவும். அது கார்பன் மிகுந்த எஃகு. வெல்டிங் செய்தால் விரிசல் விடக்கூடும். போல்ட் போட்டு மாட்டினால் தேய்ந்தபின் மாற்றுவதும் எளிது. பாரம் தேவைப்பட்டால் மணல் மூட்டை வைக்கலாம். பரம்பில் நிற்பதுபோல் இதன்மேல் ஆள் நிற்கக் கூடாது. தூக்கிய சட்டத்தின் அடியில் வேலை செய்யும்முன் கட்டை முட்டுக் கொடுப்பது அவசியம்.

சரிவும் பருவமும்

கிராவல் பாதையின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்ந்திருக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேரவை கூறும் சரிவு 33-க்கு 1 முதல் 40-க்கு 1 வரை. 3 மீட்டர் அகலப் பாதையில் இது ஏறத்தாழ 4 செ.மீ. உயரம். இவ்வளவு இருந்தாலே தண்ணீர் தேங்காமல் ஓரத்துக்கு வடியும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அக்டோபருக்கு முன் ஒருமுறையும், மழை இடைவெளிகளில் மண் ஈரமாக இருக்கும்போதும் இழுப்பது நல்லது. காய்ந்த கோடையில் சீவினால் புழுதியே மிஞ்சும்.

முக்கியத்துவம்

குண்டும் குழியுமான தெருவில் மேலும் ஒரு லோடு கிராவல் கொட்டுவதே வழக்கமான தீர்வு. ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, வாசற்படி தாழ்கிறது, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி எனத் தண்ணீர் சூழ்ந்த இத்தாழ்நிலத்தில் சில அங்குல உயரமே ஒரு வீடு மூழ்குமா தப்புமா என்பதை முடிவுசெய்யும். கிடக்கும் சரளையையே ஓரத்திலிருந்து மீட்டு நடுவில் சேர்க்கும் இக்கருவி தெருவின் மட்டத்தை ஏற்றாமல் காக்கிறது. புதிய குழி வெட்டும் தேவையையும் குறைக்கிறது.