மறைந்தோர் நினைவும் தாவரவியல் நூல்களும்

ஓர் அறிஞர் மறைந்தபின் அவர் வீட்டில் எஞ்சி நிற்பவற்றுள் குடும்பத்தாருக்குப் பெருஞ் சங்கடத்தைத் தருவன அவர் சேர்த்த நூல்களே. காணிக்கு உறுதி உண்டு. நகைக்குப் பங்காளர் உண்டு. நூல்களோ இடத்தை அடைத்துக்கொண்டு, எடுத்துப் பார்ப்பாரின்றி, கறையானுக்கு இரையாகக் காத்திருக்கும். நம்மவரிடையே முப்பத்தோராம் நாளில் மறைந்தவர் நினைவாகக் கல்வெட்டு என்னும் சிறு நூலை அச்சிட்டு வழங்கும் மரபு உளது. புதிதாக ஒரு நூலை அச்சிடப் பணஞ் செலவிடும் குடும்பம், மறைந்தவர் விட்டுச்சென்ற பழைய நூல்களை யாது செய்வது என்று பெரும்பாலும் எண்ணுவதில்லை. இவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே தாவரவியலாளரின் உறவினரும் நண்பரும் கண்ட விடைகள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. இன்று கியூவிலும் இலண்டனிலும் புகழோடு விளங்கும் அரிய தாவரவியல் நூற்சேகரங்கள் சிலவற்றுக்கு அவ்விடைகளே அடித்தளமாயின.

தாவரவியலாளருக்குப் பழைய நூல் எதற்கு என வினவலாம். பௌதிக மாணவன் நியூற்றனின் மூலநூலைத் திறவாமலே பட்டம் பெறுவான். தாவரப் பெயரீட்டில் நிலைமை வேறு. ஒரு தாவரத்துக்கு முறைப்படி முதலில் இடப்பட்ட பெயருக்கே பொதுவாக முன்னுரிமை. பூக்குந் தாவரங்களுக்கு அம்முன்னுரிமை லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ என்னும் நூலிலிருந்து கணிக்கப்படும். ஆகவே 1760 இலோ 1810 இலோ அச்சான தாவரநூல் இன்றும் காணி வழக்கில் தோம்பு போன்றது. அதைப் பாராது தீர்ப்புக் கூறல் இயலாது. லின்னேயஸ் தாமே தமக்கு முந்தியோரின் நூல்களையும் படங்களையும் சுட்டிச் செல்வதால் 1753க்கு முற்பட்டவற்றையும் ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டுத் தாவரங்களின் வரலாறே இதற்குத் தக்க சான்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1670களில் இலங்கையிற் பணிபுரிந்த போல் ஹேர்மன், பின்னர் லெய்டனிற் பேராசிரியராகி 1695 இல் இறந்தார். அவர் குறிப்புகள் பல அச்சேறாதிருந்தன. வில்லியம் ஷெராட் என்னும் ஆங்கிலேயர் அவற்றைப் பதிப்பிக்க முன்வந்ததனாலேயே இலங்கைத் தாவரங்களைப் பற்றிய ‘மியூசியம் செய்லானிக்கம்’ 1717 இல் வெளிவந்தது. ஹேர்மன் உலர்த்திச் சேர்த்த தாவரத் தொகுதிகளோ அறிஞர் கண்ணிற் படாது கிடந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1744 இல், கொப்பன்ஹேகனில் அரச மருந்தாளர் ஒருவரிடமிருந்து லின்னேயசின் கையை அடைந்தன. அவற்றைக் கொண்டே இலங்கையை ஒருநாளும் காணாத லின்னேயஸ் 1747 இல் ‘புளோறா செய்லானிக்கா’வை எழுதினார். அத்தொகுதிகள் அதன்பின்னும் கைமாறி, ஈற்றில் ஜோசப் பாங்ஸ் விலைக்கு வாங்க, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. இவை தப்பியது தற்செயலே.

ஷெராட் இதனை நன்கு உணர்ந்திருந்தார் போலும். 1728 இல் இறந்தபோது தம் நூல்களையும் உலர்தாவரங்களையும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்ததோடு அமையாது, தாவரவியற் பேராசிரியர் ஒருவரை நியமிப்பதற்கென 3,000 பவுணையும் விட்டுச்சென்றார். நூலைக் கொடுப்பவர் அதனைப் பயன்படுத்தும் ஆளையும் சேர்த்துக் கொடுத்த அருமையான நிகழ்ச்சி இது.

எல்லாரும் ஷெராட்டைப் போன்று வசதி படைத்தவரல்லர். லின்னேயஸ் 1778 இலும் அவர் மகன் 1783 இலும் இறந்தபின், லின்னேயசின் மனைவி நூல்களையும் சேகரிப்புகளையும் 1784 இல் ஆயிரம் கினிக்கு ஜேம்ஸ் எட்வேட் ஸ்மித் என்னும் இளைஞருக்கு விற்றார். அவ்வம்மையாரைக் குறைகூறுவோர் உளர். நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. மகளிரின் வாழ்வை எண்ணவேண்டிய தாயொருத்தியிடம் அறிவுலகின் நன்மையைக் கருதிக் கைவிரிக்கச் சொல்வது எளிது. ஸ்மித் 1828 இல் இறந்தபோது அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. அவர் தொடக்கிய லின்னேயன் சங்கம் அச்சேகரிப்பை 3,150 பவுண் கொடுத்து வாங்கிற்று. அதனாற் பட்ட கடன் 1861 வரை தீரவில்லை.

இனி, கியூவுக்கு வருவோம். வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1841 இல் கியூ பூங்காவின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது ஆங்கு நூலகமும் இல்லை, உலர்தாவரகமும் இல்லை. அவர் கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவந்த சொந்த நூல்களையும் சொந்தத் தாவரத் தொகுதிகளையும் வைத்தே அரசின் வேலை நடந்தது. பணிப்பாளர் இறந்தால் அத்தனையும் அவர் குடும்பத்துக்குப் போய்விடும் என்பது வெளிப்படை. இந்நிலையைச் சிறிதளவேனும் முதலில் மாற்றியது அரசு அன்று; தமையனை இழந்த ஒரு பெண்மணி.

வில்லியம் ஆர்னல்ட் புரோம்பீல்ட் 1801 இல் பிறந்தவர். ஹூக்கர் பேராசிரியராக இருந்த காலத்திற் கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று 1823 இற் பட்டம் பெற்றார். ஆயினும் வைத்தியத் தொழிலை மேற்கொள்ளவில்லை. 1836 அளவில் சகோதரியுடன் வைற் தீவிலுள்ள ரைட் என்னும் ஊரிற் குடியேறி, அத்தீவின் தாவரங்களை ஊர்ஊராக நடந்து ஆராய்வதிலேயே காலத்தைச் செலவிட்டார். நூல் முடிவுறவில்லை. 1850 இற் கிழக்கு நாடுகளுக்குப் பயணமானார். எகிப்தைக் கடந்து சிரியா சென்றவர் 1851 ஒக்ரோபரில் டமஸ்கஸ் நகரிற் காய்ச்சல் கண்டு இறந்தார்.

அடுத்த ஆண்டிலேயே அச்சகோதரி தமையனின் உலர்தாவரங்களையும் நூல்களையும் கியூவுக்குக் கொடையாக வழங்கினார். கியூ நூலகத்தின் தொடக்கமாக 1852 ஆம் ஆண்டைக் குறிப்பது இதனாலேயே. புரோம்பீல்ட் முடிக்காது விட்ட வைற் தீவுத் தாவர நூலை ஹூக்கரும் தோமஸ் பெல் சோல்ற்றரும் பதிப்பித்து 1856 இல் ‘புளோறா வெக்ரென்சிஸ்’ என வெளியிட்டனர். கிழக்கு நாடுகளிலிருந்து அவர் எழுதிய கடிதங்களும் அதே ஆண்டில், விற்பனைக்கன்றித் தமக்குள் வழங்குவதற்கென, அச்சிடப்பட்டன. நம்முடைய கல்வெட்டுக்கு இதனினும் நெருங்கிய ஒப்புமை ஆங்கில நாட்டிற் காண்பதரிது. ஆயின் அங்கே நினைவு அச்சோடு நின்றுவிடவில்லை. அலமாரியும் உடன் சென்றது. ஹூக்கரின் குடும்பச் சொத்தோடு கலவாமல், நிறுவனத்துக்கே உரியவையாக அந்நூல்கள் வந்தன என்பதே இக்கொடையின் சிறப்பு. ‘சகோதரி’ என்ற ஒரு சொல்லோடு அவரைப் பற்றிய குறிப்பை முடித்துவிடும் நூல்கள் பல.

இரண்டாண்டின் பின், 1854 இல், ஜோர்ஜ் பெந்தம் உயிரோடிருக்கும்போதே தம் நூல்களையும் தாவரத் தொகுதிகளையும் கியூவுக்கு வழங்கி, அங்கேயே அமர்ந்து பல்லாண்டு ஆராய்ச்சி செய்தார். 1884 இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற பணம், பிற்காலத்து மொக்சன் என்பாரின் கொடையோடு சேர்ந்து, பெந்தம்–மொக்சன் நம்பிக்கைப் பொறுப்பாக இன்றும் கியூவின் பணிகளுக்கு உதவுகின்றது. ஹூக்கரின் சொந்தச் சேகரிப்போ, அவர் 1865 இல் இறந்தபின், அரசினால் விலைக்கு வாங்கப்பட்டது.

இதனால் நமக்கு வந்த பயனும் உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய கைந்நூலின் முதன்மூன்று பாகங்களை வெளியிட்டு, நான்காம் பாகம் வெளிவருமுன் 1896 இற் காலமானார். எஞ்சியதை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைத் துணையாகக் கொண்டு முடித்தவர் வில்லியம் ஹூக்கரின் மகன் ஜோசப் டோல்ற்றன் ஹூக்கர். நான்காம் பாகம் 1898 இலும் ஐந்தாம் பாகம் 1900 இலும் வெளிவந்தன. பேராதனையில் அறுந்த இழையைக் கடல் கடந்த ஓரிடத்தில் முடிய முடிந்தது, வேண்டிய நூலும் தாவரமும் அங்கு ஒருங்கிருந்தமையாலன்றோ.

கொடுப்பது ஒன்று, கொடுத்ததைக் காப்பது வேறொன்று. இதற்கு லிண்ட்லி நூலகத்தின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1804 இல் நிறுவப்பட்ட இலண்டன் தோட்டக்கலைச் சங்கம் அரை நூற்றாண்டில் அரிய நூலகமொன்றைத் திரட்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலைப் பரிசோதகராகக் கன்ரனில் இருந்த ஜோன் ரீவ்ஸ், சீன ஓவியரைக் கொண்டு வரைவித்து அனுப்பிய தாவரப் படங்களும் அச்சங்கத்திடம் இருந்தன. ஆயின் சங்கம் கடனில் மூழ்கிற்று. 1859 இல் நூல்களும் படங்களும் ஏலத்தில் விற்கப்பட்டன. அவ்வேளையிற் சங்கத்தின் செயலாளர் ஜோன் லிண்ட்லி. இளைஞராக இலண்டன் வந்து பாங்ஸின் நூலகத்திற் பணிசெய்தவர்; 1822 முதல் சங்கத்தின் ஊழியர்; கியூ பூங்காவை மூடாது அரசு ஏற்று நடத்தவேண்டுமென 1838 இல் அறிக்கை எழுதியவரும் அவரே. அத்தகையவர் செயலாளராக இருந்தும் ஏலத்தைத் தடுக்க இயலவில்லை. அங்கத்தவர் பலர் அன்பளித்த நூலெனினும், சங்கத்தின் சொத்தாக இருக்கும்வரை அது கடன்காரருக்கும் உரியதே.

லிண்ட்லி 1865 நவம்பரில் இறந்தார். தந்தையின் கடனைத் தம் தோளில் ஏற்று வாழ்நாள் முழுதும் உழைத்தவர் அவர். அவர் நூல்களை இலவசமாகக் கொடுக்கும் நிலையிற் குடும்பம் இருந்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் இலண்டனிலே சர்வதேசத் தோட்டக்கலைக் கண்காட்சியும் தாவரவியல் மாநாடும் நடந்தன. செலவு போக மிகுந்த பணத்திலிருந்து 600 பவுண் கொடுத்து லிண்ட்லியின் நூல்கள் வாங்கப்பட்டன. நுழைவுப் பணம் கொடுத்துப் பூக்காண வந்த மக்கள், தாமறியாமலே, ஓர் அறிஞரின் நினைவுக்கொடையிற் பங்காளராயினர். குடும்பத்துக்கும் விலை கிடைத்தது, நூலும் சிதறவில்லை. அம்மாநாட்டின் தலைவராக வீற்றிருந்த அல்போன்ஸ் டி கந்தோல் அடுத்த ஆண்டு பாரிசில் தாவரப் பெயரீட்டு விதிகளை முன்வைத்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பழைய நூல்களைக் கட்டாயமாக்கிய முன்னுரிமை விதிக்கு உருவம் கொடுத்தவை அவ்விதிகளே.

ஏலத்தின் நினைவு மாறவில்லை. ஆதலால் இம்முறை நூல்களைச் சங்கத்தின் பெயரில் விடவில்லை. 1868 இல் லிண்ட்லி நூலகம் தனி நம்பிக்கைப் பொறுப்பாக்கப்பட்டது. நூல்கள் சங்கத்தின் கூரையின்கீழ் இருக்கும். ஆயினும் சங்கம் அவற்றைத் தன் கடனுக்காக விற்கவியலாது. நம் கருத்தில், 600 பவுண் நூல்களினும் இவ்வேற்பாடே பெரிய கொடை. பெயர்ப்பலகை வைத்து அன்பளிப்பவர் பலர். பூட்டையும் சேர்த்து அளிப்பவர் சிலரே.

அப்பூட்டும் விற்பனையைத்தான் தடுக்கும். காலஞ்சென்றோர் பெயரால் வைக்கப்பட்டிருந்த தனிச் சேகரிப்புகளும் உட்பட ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் 1981 யூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்ததை அறிந்த நமக்கு, எந்தச் சாசனமும் போதுமானது எனக் கூற நா எழுவதில்லை.

நிற்க, லிண்ட்லி நூலகம் அதன்பின் வளர்ந்தது. 1910 இல் சங்கமே அந்நம்பிக்கைப் பொறுப்பின் தனிப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டது. அதற்குள் சங்கத்தின் நிதிநிலை பெரிதும் திருந்தியிருந்தது. பாதுகாப்பு உண்டெனக் கண்டால் கொடுப்போரும் துணிவர். வேல்சில் நிலக்கரி வாணிகத்தாற் செல்வமுற்ற குடும்பத்தில் வந்த ரெஜினல்ட் கோரி, தோட்டப் பித்தும் நூற்பித்தும் ஒருங்கே உடையவர். 1934 இல் இறந்தபோது தம் அரிய தாவரவியல் நூல்களை மரணசாசனத்தின் மூலம் அந்நூலகத்துக்கு விட்டுச்சென்றார். 1859 இல் ஏலத்திற் போன ரீவ்ஸின் சீனப் படங்களிலும் ஒரு பகுதி காலப்போக்கில் அங்கே திரும்பி வந்து சேர்ந்தது. எஞ்சியவை வரவில்லை.