தற்காலிகப் பல் சிமென்ட்

சொத்தைப் பல்லின் குழியைச் சில வாரங்களுக்கு மூடிவைக்கவும், நிரந்தர உறை தயாராகும்வரை தற்காலிக உறையைப் பிடித்து நிறுத்தவும் பயன்படும் ஒட்டுப்பொருள். பிடித்து நிற்பதோடு, பல்லுக்குச் சேதமின்றிக் கழன்றும் வர வேண்டும் என்பதால் இதன் வலிமை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது.

பழையதும் பரவலானதும் துத்தநாக ஆக்சைடு–யூஜெனால் கலவை. யூஜெனால் கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறு. பல் மருத்துவமனைக்கே உரிய அந்த வாசனை பெரும்பாலும் இதனுடையது. கண்ணாடிப் பலகையில் வெள்ளைத் தூளை யூஜெனாலில் சிறிது சிறிதாகச் சேர்த்து அழுத்திக் குழைப்பார்கள். குழியை அடைக்க, கையில் ஒட்டாமல் திரியாக உருட்டும் பதம் வேண்டும். உறையை ஒட்டத் தளர்வான பதம் போதும். ஈரமும் வெப்பமும் வினையை விரைவுபடுத்துவதால் கலவை வாய்க்குள் சீக்கிரம் இறுகிவிடும். பல் கூச்சத்தையும் இது தணிக்கிறது. ஆனால் யூஜெனால், ரெசின் எனும் பிசின் வகைப் பொருள் இறுகுவதைக் கெடுக்கும். ஆகவே பின்னர் ரெசின் சிமென்ட் பயன்படுத்துவதாக இருந்தால் யூஜெனால் கலக்காத வகையே ஏற்றது.

வேர் சிகிச்சையின் இடைவெளிகளில், எச்சில் ஈரத்திலேயே இறுகும் கேவிட் போன்ற ஆயத்தப் பசைகள் வைக்கப்படுகின்றன. கிருமி கசியாதிருக்க இவற்றுக்குச் சுமார் 3.5 மி.மீ. தடிமனாவது தேவை.

கழன்ற உறையை வீட்டில் ஒட்டிக்கொள்ளும் சிமென்ட் சில நாடுகளின் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்வரை மட்டுமே அது உதவும். வீட்டுப் பசைகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வீக்கமோ சீழோ இருந்தால், குழியைத் தாமாக மூடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.