குடும்பப் படத்தில் பின்வரிசை மட்டும் மங்கலா? அப்பர்ச்சரைக் கொஞ்சம் கவனியுங்கள்!

தீபாவளிக் காலை. புத்தாடை உடுத்தி எல்லாரும் பாட்டி வீட்டில் கூடியிருக்கிறீர்கள்.

"புது கேமரா வாங்கியிருக்கேல்ல? எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடேன்" என்கிறார் மாமா.

எடுக்கிறீர்கள். கேமராவின் சின்னத் திரையில் படம் அருமை. இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. தரையில் உட்கார்ந்த பிள்ளைகள் தெளிவு. நாற்காலியில் இருக்கும் பாட்டி பரவாயில்லை. பின்னால் நின்ற பெரியப்பா, அத்தை முகமெல்லாம் மங்கல்.

படம் சற்று இருட்டாக இருந்தால் பிறகு செயலியில் சரிசெய்துவிடலாம். தெளிவாகப் பதிவாகாத முகத்தை அப்படி மீட்க முடியாது. அடுத்த தீபாவளிக்கு இதே முகங்கள் அத்தனையும் ஒன்றுகூடுமா என்பதும் நம் கையில் இல்லை.

தவறு கேமராவில் இல்லை. அப்பர்ச்சரை எப்படி வைத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

அப்பர்ச்சர் என்றால் என்ன?

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைதான் அப்பர்ச்சர். மெல்லிய தகடுகள் சேர்ந்து அந்தத் துளையைப் பெரிதாக்கும், சிறிதாக்கும்.

நம் கண்ணின் பாவையும் அதையேதான் செய்கிறது. திரையரங்கின் இருட்டில் அது விரியும். வெளியே வெயிலுக்கு வந்ததும் சுருங்கும்.

எண் பெரிசா இருந்தா துளை ஏன் சின்னதா இருக்கு?

பலரும் குழம்பும் இடம் இது. எஃப்/2 பெரிய துளை. எஃப்/16 சிறிய துளை.

காரணம், அது ஒரு வகுத்தல் கணக்கு. 'எஃப்' என்பது லென்ஸின் குவியத் தூரம். 50 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்:

• எஃப்/2 என்றால் 50 வகுத்தல் 2. துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர்.

• எஃப்/8 என்றால் 50 வகுத்தல் 8. விட்டம் 6.25 மில்லிமீட்டர்.

ரொட்டியை 2 பேருக்குப் பங்கிட்டால் பெரிய துண்டு, 8 பேருக்குப் பங்கிட்டால் சின்னத் துண்டு. அவ்வளவுதான்.

லென்ஸில் நீங்கள் பார்க்கும் வரிசை இது: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. ஒவ்வொரு படி மேலே போகும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறையும். எஃப்/2இலிருந்து எஃப்/8 வரை 4 படி. அதாவது ஒளி 16 மடங்கு குறைகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பின்வரிசை ஏன் மங்கியது?

கேமரா ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பதைத்தான் மிகத் தெளிவாகப் பதிவுசெய்யும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பவையும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். அந்த இடைவெளிக்குப் பெயர் தெளிவாழம்.

துளை பெரிதானால் தெளிவாழம் குறையும். துளை சிறிதானால் கூடும்.

நீங்கள் கண்ணாடி அணிபவரா? அதைக் கழற்றிவிட்டு எம்ஆர்டி நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முயலும்போது கண்ணை இடுக்குவீர்கள். எழுத்து கொஞ்சம் தெளிவாகும். ஒளி நுழையும் வழியைக் குறுக்கியதால் வந்த பலன் அது. சிறிய அப்பர்ச்சரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், 3 மீட்டர் தூரத்தில் ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் தெளிவாழம் ஏறத்தாழ இவ்வளவு:

• எஃப்/2: 43 சென்டிமீட்டர்

• எஃப்/4: 90 சென்டிமீட்டர்

• எஃப்/8: 1.9 மீட்டர்

தரையில் ஒரு வரிசை, நாற்காலியில் ஒரு வரிசை, பின்னால் நிற்பவர்கள் ஒரு வரிசை. இந்த மூன்றும் 43 சென்டிமீட்டருக்குள் அடங்குமா? அடங்காது. அதனால்தான் பெரியப்பா மங்கினார்.

அப்போ எஃப்/8 வெச்சா போதுமா?

வெயிலில் போதும். வீட்டுக்குள் சிக்கல்.

அந்த 16 மடங்கு ஒளியை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

முதலாவது, ஷட்டரை அதிக நேரம் திறந்துவைப்பது. எஃப்/2இல் 1/125 விநாடி போதுமானதாக இருந்தால் எஃப்/8இல் சுமார் 1/8 விநாடி வேண்டும். அதற்குள் குட்டித் தம்பி தலையைத் திருப்பிவிடுவான். கையும் ஆடும்.

இரண்டாவது, ஐஎஸ்ஓவைக் கூட்டுவது. 400 இருந்த இடத்தில் 6400 வைக்க வேண்டும். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

இதில் எது மேல்? குடும்பப் படத்துக்கு ஐஎஸ்ஓவைக் கூட்டுவதே மேல். புள்ளி விழுந்த முகத்தை யார் என்று அடையாளம் காணலாம். அசைந்து கலைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

• வரிசைகளை நெருக்குங்கள். "பெரியப்பா, நாற்காலியை ஒட்டி நில்லுங்க" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். வரிசைகள் நெருக்கமாக இருந்தால் எஃப்/4 அல்லது எஃப்/5.6 போதும்.

• நடுவரிசையில் இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். முன்வரிசையில் வைத்தால் தெளிவாழத்தின் ஒரு பகுதி வெறும் தரைக்குப் போய்விடும்.

• இடம் இருந்தால் ஓரடி பின்னால் போங்கள். தூரம் கூடினால் தெளிவாழமும் கூடும்.

• வெளிச்சத்தைத் தேடுங்கள். பகலில் சன்னலைப் பார்த்தபடி எல்லாரையும் நிறுத்தலாம். வீடு இருட்டாக இருந்தால் தாழ்வாரத்துக்கோ புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ போகலாம்.

• கேமராவின் சுழல்பொத்தானில் 'ஏ' அல்லது 'ஏவி' என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். அப்பர்ச்சரை நீங்கள் முடிவுசெய்யலாம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

• எடுத்தவுடன் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாரும் சாப்பிடப் போவதற்குள் பின்வரிசையின் கண்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

அப்போ பெரிய துளை எதற்கு?

ஒருவரை மட்டும் எடுப்பதற்கு அது அருமை. தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் உங்கள் அக்காவை நிறுத்துங்கள். எஃப்/2 வையுங்கள். அக்கா தெளிவாகத் தெரிவார். பின்னால் உள்ள விளக்குகள் வண்ண வட்டங்களாக மாறும். அதே இடத்தில் எஃப்/11 வைத்தால் கடைப் பலகை, கார், கூட்டம் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும்.

மரீனா பே இரவுக் காட்சிக்கோ சிறிய துளை. எஃப்/16இல் தெருவிளக்குகள் நட்சத்திரம்போல் கதிர் விரிக்கும். லென்ஸில் 8 தகடுகள் இருந்தால் 8 கதிர்கள். 7 தகடுகள் என்றால் 14 கதிர்கள். ஒற்றைப்படை எண் என்றால் கதிர்கள் இரட்டிப்பாகும்! ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்கும் என்பதால் முக்காலி தேவை. துளையை அளவுக்கு மீறிச் சுருக்கினாலும் ஒளி விளிம்புகளில் வளைந்து, படம் சற்று மென்மையாகிவிடும்.

என்கிட்ட திறன்பேசிதான் இருக்கு!

பெரும்பாலான திறன்பேசிகளில் அப்பர்ச்சர் நிலையானது. 2018இல் வந்த சாம்சுங் கேலக்ஸி எஸ்9 போன்ற சில மட்டுமே எஃப்/1.5, எஃப்/2.4 என்று மாற்றிக்கொள்ள வழிசெய்தன.

திறன்பேசியின் ஒளியுணர்கருவி மிகச் சிறியது. லென்ஸின் குவியத் தூரமும் குறைவு. அதனால் தெளிவாழம் இயல்பாகவே அதிகம். குடும்பப் படத்துக்கு அது நல்லதே.

'போர்ட்ரெயிட்' முறையில் தெரியும் மங்கலான பின்னணி பெரும்பாலும் மென்பொருள் கணக்கிட்டுச் சேர்ப்பது. அது பறக்கும் முடியையும் ஜிமிக்கியின் ஓரத்தையும் சில சமயம் தவறாக அழித்துவிடும். பின்வரிசையில் நிற்பவர்களைப் 'பின்னணி' என்று நினைத்துக்கொள்ளவும்கூடும். பலர் சேர்ந்து நிற்கும் படத்துக்கு அந்த முறையை அணைத்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஒருவர் என்றால் சிறிய எண். பலர் என்றால் பெரிய எண்.

'கிளிக்' செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் யாரெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும்? அதற்கான பதில்தான் உங்கள் அப்பர்ச்சர்.