உருவம் சிறிது, பொறுப்பு பெரிது: பெங்களூருவில் மீட்கப்பட்ட கார்கி வகை நாயைத் தத்தெடுப்பது எப்படி?

பெங்களூரு: குட்டைக் கால்கள், நிமிர்ந்த காதுகள், நரி போன்ற முகம். சமூக வலைதளக் காணொலிகளால் இந்தியாவிலும் பிரபலமான 'கார்கி' நாய்களை வாங்குவோரில் பலர், அது கால்நடைகளை மேய்ப்பதற்காக உருவாக்கப்பட்ட இனம் என்பதை அறிவதில்லை. வீட்டுக்கு வந்த பின் அதன் குரைப்பையும் ஓட்டத்தையும் முடி உதிர்வையும் சமாளிக்க இயலாதபோது, சில நாய்கள் விலங்கு நல அமைப்புகளிடம் ஒப்படைக்கப்படுகின்றன; சில தெருவில் விடப்படுகின்றன.

அத்தகைய நாய்க்கு இரண்டாவது வீடு தர விரும்புவோர், கடையில் குட்டி வாங்குவதைப் போல அன்றே அழைத்துச் செல்ல முடியாது. படிவம், நேர்காணல், வீட்டு ஆய்வு, ஒப்பந்தம் எனப் பல கட்டங்கள் உள்ளன. அந்த நடைமுறை எவ்வாறு அமைகிறது, எதற்காக அவ்வளவு கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி?

வளர்ப்பு விலங்கைப் பட்டினியும் தாகமும் கொள்ளும் நிலையில் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமாகும். ஆனால், முதல்முறை குற்றம் புரிவோருக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதங்கள் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அதாவது, பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய நாயைத் தெருவில் விட்டுச் செல்பவருக்குச் சட்டத்தால் பெரிய இழப்பு ஏதுமில்லை. எனவே, ஒருமுறை கைவிடப்பட்ட நாய் மறுமுறையும் கைவிடப்படாமல் தடுக்கும் வேலையைத் தத்தெடுப்புப் படிவமும் ஒப்பந்தமுமே செய்ய வேண்டியுள்ளது. விண்ணப்பதாரருக்குக் கெடுபிடியாகத் தோன்றும் ஒவ்வொரு கேள்விக்கும் இதுவே பின்னணி.

மேய்ப்பு நாயின் இயல்பு

பெம்ப்ரோக் வெல்ஷ் கார்கி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மாடுகளை ஓட்டிச் செல்லப் பயன்படுத்தப்பட்ட நாய். தோள்வரையிலான உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். எடை பொதுவாக 10 முதல் 13 கிலோ. மாட்டின் குதிகாலைக் கவ்வி நகர்த்துவதும், அது உதைக்கும்போது தாழ்ந்து தப்புவதும் இதன் பணி. பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் தமது 18-ஆவது பிறந்தநாளில், 1944-ஆம் ஆண்டு பரிசாகப் பெற்ற 'சூசன்' என்ற கார்கியின் வழிவந்த நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததால் இந்த இனம் உலகப் புகழ் பெற்றது.

இதே பிரிவில் வரும் மற்றொரு சிறிய இனம், ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள தீவுகளைச் சேர்ந்த ஷெட்லாண்ட் ஷீப்டாக். 'ஷெல்டி' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இது, சுமார் 33 முதல் 41 சென்டிமீட்டர் உயரம் வளரும். நீண்ட அடர்ந்த முடி கொண்டது.

அரண்மனையிலோ அடுக்குமாடியிலோ வளர்ந்தாலும் இவற்றின் மேய்ப்பு இயல்பு மாறுவதில்லை. ஓடும் குழந்தைகளைத் துரத்திக் குதிகாலைக் கவ்வ முயல்வது, இருசக்கர வாகனங்களையும் ஆட்டோக்களையும் விரட்டுவது, சிறு அசைவுக்கும் குரைப்பது ஆகியன நோயோ முரட்டுத்தனமோ அல்ல. வேலை இல்லாத மேய்ப்பு நாய் தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. சுவருக்குச் சுவர் அண்டை வீட்டார் வாழும் நகரத்தில் அதுவே புகாராகி, பல நாய்கள் வீடிழக்கக் காரணமாகிறது.

காப்பகங்களுக்கு வரும் வழி

கைவிடப்படும் உயர்ரக நாய்கள் வீடுகளிலிருந்து மட்டும் வருவதில்லை. குட்டி ஈன்று ஓய்ந்த பெண் நாய்களைச் சட்டவிரோத இனப்பெருக்கக் கூடங்கள் வெளியேற்றுவதும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, இத்தொழிலில் ஈடுபடுவோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்வது கட்டாயம். எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கவும் தடை உள்ளது. வணிக நோக்கில் இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு 2016 ஏப்ரலில் தடை விதித்தது. இருப்பினும் உள்நாட்டில் பதிவின்றி நடக்கும் விற்பனை ஓயவில்லை.

விளம்பரமும் திரைப்படமும் ஓர் இனத்தின் விற்பனையைக் கூட்டுவது இந்தியாவில் புதிதல்ல. 2003-ஆம் ஆண்டு வெளியான கைப்பேசி நிறுவன விளம்பரம் ஒன்று 'பக்' இன நாயை நாடெங்கும் பிரபலமாக்கியது. இதற்கு மாறாக, 2022 ஜூனில் வெளியான '777 சார்லி' என்ற கன்னடத் திரைப்படம், இனப்பெருக்கக் கூடத்திலிருந்து தப்பிய நாயைக் கதையின் மையமாக்கி, விற்பனைக்குப் பின்னுள்ள கொடுமையைப் பேசியது குறிப்பிடத்தக்கது.

எங்கு விண்ணப்பிப்பது?

பெங்களூருவின் பழைமையான விலங்கு நல அமைப்புகளில் ஒன்று, பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டல் ரோஜர்ஸ் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய 'கூபா'. கைவிடப்படும் உயர்ரக வளர்ப்பு நாய்களுக்கென 'செகண்ட் சான்ஸ்' என்ற பெயரில் தனித் தத்தெடுப்பு மையத்தையும் இந்த அமைப்பு உருவாக்கியது. நகரின் வடபகுதியில் 'சார்லீஸ் அனிமல் ரெஸ்க்யூ சென்டர்' என்ற காப்பகம் உள்ளது. இவை தவிர, மீட்ட நாய்களைத் தங்கள் வீட்டிலேயே தற்காலிகமாகப் பராமரித்துத் தத்து கொடுக்கும் தன்னார்வலர் குழுக்களும் உண்டு.

குறிப்பிட்ட ஓர் இனத்தை மட்டும் எதிர்பார்ப்பவர் காத்திருக்க நேரிடும். கார்கி, ஷெல்டி ஆகியவை காப்பகங்களுக்கு எப்போதாவதுதான் வரும். எனவே, முன்கூட்டியே விண்ணப்பத்தை அளித்து, நேர்காணலை முடித்து வைப்பது பயன்தரும். வயது முதிர்ந்த நாயையும் கலப்பின நாயையும் ஏற்கத் தயார் எனத் தெரிவித்தால் வாய்ப்பு அதிகரிக்கும்.

'இலவசத் தத்து' என்ற பெயரில் அழகிய குட்டியின் படத்தை வெளியிட்டு, போக்குவரத்துச் செலவுக்கு முன்பணம் கேட்கும் இணைய விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. நாயை நேரில் காட்ட மறுப்பவரிடம் பணம் செலுத்தக் கூடாது.

படிவம் கேட்கும் கேள்விகள்

அமைப்புக்கு அமைப்பு படிவம் மாறுபட்டாலும், பொதுவாகக் கேட்கப்படும் விவரங்கள் வருமாறு:

* அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தொடர்பு எண்
* வீடு சொந்தமா, வாடகையா? வாடகை எனில் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல்
* குடும்பத்தினர் அனைவரின் சம்மதம். குழந்தைகள், முதியோர், ஒவ்வாமை உள்ளோர் பற்றிய விவரம்
* நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனித்திருக்கும்?
* ஏற்கெனவே வளர்த்த விலங்குகள் என்னவாயின?
* வெளியூர் செல்லும்போது யார் பராமரிப்பார்?
* வேலை மாற்றமோ வெளிநாட்டுப் பயணமோ நேர்ந்தால் நாயின் நிலை என்ன?

கடைசிக் கேள்வி பெங்களூருவில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. தகவல் தொழில்நுட்பத் துறையினர் அடிக்கடி வீடும் நகரமும் மாற நேரிடுகிறது. கார்கி, ஷெல்டி ஆகியவை 12 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியவை. அக்காலம் முழுவதற்குமான திட்டத்தையே அமைப்புகள் எதிர்பார்க்கின்றன.

வேலைக்குச் செல்பவர் என்பதற்காகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என அஞ்சத் தேவையில்லை. காலை, மாலை நடைப்பயிற்சிக்கான நேரம், பகலில் வந்து பார்ப்பவர் யார் என்பதைத் தெளிவாக எழுதுவது, 'எனக்கு நாய்கள் என்றால் உயிர்' என எழுதுவதைவிடப் பயனுள்ளது.

வீட்டு ஆய்வு

படிவம் ஏற்கப்பட்டால், தன்னார்வலர் வீட்டுக்கு வந்தோ காணொலி அழைப்பிலோ ஆய்வு செய்வார். வீட்டின் பரப்பளவும் ஆடம்பரமும் இங்கு அளவுகோல் அல்ல. மாடத்துக்கு வலையோ தடுப்போ உள்ளதா, வாயிற்கதவு திறந்தவுடன் நாய் சாலைக்கு ஓடிவிடும் வாய்ப்பு உண்டா, வழுக்கும் தரையில் விரிப்பு உள்ளதா என்பவையே கவனிக்கப்படும்.

நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட கார்கிக்கு முதுகுத் தண்டுவட வட்டுப் பாதிப்பு ஏற்படும் அபாயம் அதிகம். எனவே, மின்தூக்கி இல்லாத மாடி வீடு எனில் படிக்கட்டுகளில் நாயைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டா என்ற கேள்வி எழலாம். கட்டிலிலும் நாற்காலியிலும் இருந்து குதிப்பதைத் தவிர்க்கச் சாய்தளம் அமைப்பதும், எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

அடுக்குமாடியில் அனுமதி உண்டா?

இந்திய விலங்கு நல வாரியம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க இயலாது. குறிப்பிட்ட இனம், அளவு என்ற அடிப்படையிலும் தடுக்க இயலாது.

அதேவேளையில், வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளர் விதிக்கும் நிபந்தனை வேறு. அதனால்தான் அவரது ஒப்புதல் கடிதம் கேட்கப்படுகிறது. வளர்ப்பவருக்கும் கடமைகள் உண்டு. பொது இடத்தில் கழிவை அகற்றுவது, கயிற்றுடன் அழைத்துச் செல்வது ஆகியவற்றுடன், விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காப்பதும் சட்டப்படியான பொறுப்பாகும். இதில் அலட்சியம் காட்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

மாநகராட்சியிடம் வளர்ப்பு நாய்க்கான உரிமம் பெறுவதற்கு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். 2025 செப்டம்பரில் பெங்களூரு பெருநகர மாநகராட்சிக்குப் பதிலாகக் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் நடைமுறைக்கு வந்துள்ளதால், தங்கள் பகுதி எந்த மாநகராட்சிக்கு உட்பட்டது என்பதைக் குடியிருப்போர் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்?

தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள்: நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கருத்தடை செய்யப்படாத குட்டி எனில் உரிய வயதில் செய்ய வேண்டும், விற்கவோ பிறருக்குக் கைமாற்றவோ கூடாது, வளர்க்க இயலாவிட்டால் அதே அமைப்பிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும், தன்னார்வலர்கள் அவ்வப்போது நாயின் நிலையைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும்.

திருப்பி ஒப்படைக்கும் நிபந்தனையே இவற்றுள் முதன்மையானது. நாயை மீண்டும் தெருவுக்குச் செல்லவிடாமல் தடுக்கும் கடைசி வேலி அதுதான்.

மருத்துவக் கோப்பு அவசியம்

நாயைப் பெறும்போது தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நாய்களிடையே பரவலாகக் காணப்படுவதால், இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. வயதான கார்கிகளில் பின்னங்கால்கள் படிப்படியாகச் செயலிழக்கும் தண்டுவடச் சிதைவு நோயும் காணப்படுகிறது. எனவே நடையில் தள்ளாட்டம் உள்ளதா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

ஷெல்டியைத் தத்தெடுப்போர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஷெல்டி, கோலி உள்ளிட்ட மேய்ப்பு இனங்களில் சில நாய்களுக்கு 'எம்.டி.ஆர்.1' என்ற மரபணுவில் குறைபாடு உண்டு. அத்தகைய நாய்களுக்குச் சொறி, உண்ணித் தொல்லைக்காக ஐவர்மெக்டின் மருந்தை அதிக அளவில் செலுத்தினால் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு உயிரிழக்கவும் கூடும். வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் உட்கொள்ளும் லோபரமைடு மாத்திரையும் அவற்றுக்கு ஆபத்தானது. எனவே, மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்து, இனத்தைத் தெரிவித்து மருத்துவரின் ஆலோசனை பெற வேண்டும். அவசரத் தேவைக்கு, ஹெப்பாலில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் விவரங்களை முன்பே குறித்து வைப்பது நல்லது.

இரு அடுக்கு முடி கொண்ட இந்த நாய்களுக்குப் பெங்களூருவின் மிதமான காலநிலை ஓரளவு பொருந்தினாலும், கோடை மாதங்களில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது நடைப்பயிற்சியை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்ற வேண்டும். வெப்பம் தணியும் என எண்ணி முடியை முழுமையாக மழிப்பது தவறு. வாரத்தில் சில நாட்கள் சீவிவிடுவதே சரியான முறை.

முதல் மூன்று மாதங்கள்

காப்பகங்கள் பொதுவாக '3 நாள், 3 வாரம், 3 மாதம்' என்ற கணக்கைக் கூறுகின்றன. முதல் மூன்று நாட்கள் நாய் அஞ்சி ஒதுங்கலாம், உண்ண மறுக்கலாம். மூன்று வாரங்களில் வீட்டின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளும். முழு நம்பிக்கை ஏற்பட மூன்று மாதங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே உறவினரை அழைத்துக் காட்டுவது, கயிறின்றி வெளியில் விடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேய்ப்பு இனங்களுக்கு ஓட்டத்துடன் மூளைக்கும் வேலை தேவை. உணவை ஒளித்து வைத்துத் தேடச் செய்வது, கட்டளைகளைக் கற்பிப்பது ஆகியவை குரைப்பைக் குறைக்க உதவும்.

மாற்று வழி

படிவத்தை நிரப்பும்போதே இந்த இனம் தமக்குப் பொருந்தாது என உணர்வோரும் உண்டு. அவர்களுக்கு வேறு வழியும் உள்ளது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெங்களூருவில் சுமார் 2.79 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. உள்ளூர்த் தட்பவெப்பத்துக்குப் பழகிய இவற்றின் குட்டிகளும் இதே அமைப்புகள் வழியாகத் தத்து கொடுக்கப்படுகின்றன.

டெல்லி தெரு நாய்கள் தொடர்பான வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாய்களைத் தத்தெடுக்கலாம் எனவும், அவ்வாறு தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு எனவும் தெரிவித்தது. கார்கியாயினும் தெரு நாயாயினும், படிவத்தின் அடியில் கையெழுத்திடுபவர் ஏற்கும் உறுதிமொழியும் அதுவே.