செவர்ன் கழிமுகத்தின் ஆஸ்ட் படகுத்துறை

செவர்ன் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் இங்கிலாந்தையும் தெற்கு வேல்ஸையும் பிரிக்கிறது. உலகிலேயே ஓதம் மிக உயரமாக ஏறி இறங்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் சுமார் 14 மீட்டர் வரை, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு, ஏறி இறங்கும். கழிமுகம் குறுகும் இடத்தில் கிழக்குக் கரையில் ஆஸ்ட், எதிர்க்கரையில் பீச்லி. இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நீர்தான். ஆனால் பாலம் வருமுன், படகை நம்பாதவர் குளோஸ்டர் வழியே சுமார் 60 மைல் சுற்ற வேண்டியிருந்தது.

அந்த நீர் எளிதானதல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்ட் வந்த எழுத்தாளர் டேனியல் டீஃபோ, கொந்தளித்த நீரையும் அங்கிருந்த மோசமான படகுகளையும் கண்டு, கடக்கத் துணியாமல் குளோஸ்டர் வழியே போனார். 1820களில் கல்லால் துறை கட்டப்பட்டது. நீராவிப் படகும் வந்தது.

பிறகு ரயில் போட்டியாக முளைத்தது. 1863இல், சற்றுத் தெற்கே நியூ பாசேஜில் நீருக்குள் நீண்ட மரப் பாலத்துறை அமைந்தது. பயணிகள் ரயிலில் அதன் நுனிவரை சென்று படகேறினர். 1886இல் ஆற்றுக்கு அடியில் ரயில் செல்லும் செவர்ன் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தத் துறைக்கும் வேலை இல்லாமல் போனது.

மோட்டார் கார்கள் பெருகியபோது ஆஸ்ட் மறுபடி உயிர்பெற்றது. ஈனாக் வில்லியம்ஸ் என்பவர் 1926இல் படகுப் போக்குவரத்தைத் தொடங்கினார். 'செவர்ன் குயின்', 'செவர்ன் கிங்', 'செவர்ன் பிரின்சஸ்' என்ற படகுகள் ஒவ்வொன்றும் சுமார் 17 கார்களை ஏற்றின. ஓதத்தைச் சமாளிக்கத் துறை சரிவாக அமைந்திருந்தது: நீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ, சரிவில் அந்த இடத்தில் படகு பக்கவாட்டில் அணையும். கார்கள் இறங்கிவந்து பலகை வழியே ஏறும். படகின் தளத்திலிருந்த சுழல்மேடை அவற்றைத் திருப்பி நிறுத்தும். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் படகின் நேரமும் மாறிக்கொண்டே இருந்தது. நீர் மிகவும் வற்றினால் படகு ஓடாது. கார்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். 1966 மே மாதத்தில் பாடகர் பாப் டிலனும் இங்கே காத்திருந்தார். அப்போது எடுத்த படம் புகழ்பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று, 988 மீட்டர் நடு இடைவெளி கொண்ட செவர்ன் தொங்கு பாலத்தை இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். படகுப் போக்குவரத்தும் அன்றோடு நின்றது.

ஆஸ்ட் கரையில் இன்று எஞ்சியிருப்பவை துறையின் சிதைந்த சரிவும், சேற்றில் நிற்கும் தூண்களும், பயணிகளை ஒவ்வொருவராக உள்ளே விட்ட சுழல்கதவுக் கட்டடமும்தான். பாலத்தின் மீது ஓதத்தைக் கவனிக்காமலே விரையும் இன்றைய பயணிக்கு, ஒரு காலத்தில் ஓதமே பயண நேரத்தை வகுத்தது என்பதற்கு இவையே நேரடிச் சான்று. அயர்லாந்தில் கைவிடப்பட்டுக் கிடந்த 'செவர்ன் பிரின்சஸ்' 1999இல் மீட்கப்பட்டு, பீச்லியை அடுத்த செப்ஸ்டோவுக்குக் கொண்டுவரப்பட்டது. படகைக் காத்த அதே அக்கறை துறைக்கும் வேண்டும். நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் நீர் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது.