கோதுமை மாவும் கல்லீரலும்

கல்லீரலிற் கொழுப்புப் படியும் நோய் குடிப்போர்க்கே உரியதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2007ஆம் ஆண்டளவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இராகமைப் பகுதியில் நடத்திய ஆய்வு அவ்வெண்ணத்தைக் குலைத்தது. மதுவினால் வராத இந்நோய் அங்குள்ள நடுவயதினருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருந்தது. இதற்கு வழிகோலிய உணவு மாற்றத்தின் கதையில் ஒரு பகுதி திருகோணமலைத் துறைமுகத்தோடு பிணைந்தது.

போருக்கு முன், இத்தீவின் அரிசிக் குறையைப் பெரிதும் பர்மாவே நிறைத்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது; ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலை மீதே குண்டு பொழிந்தன. பர்மா அரிசி நின்றது. கூப்பன் அரிசி சுருங்கவே, கோதுமை மா அடுக்களையுட் புகுந்தது. பஞ்சகாலத்து விருந்தாளிதான், போர் முடிந்த பின்னரும் அது புறப்படவில்லை! 1980இல் சீனக்குடாவிற் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து வந்த கோதுமை அங்கேயே மாவாகித் தீவெங்கும் பரந்தது.

மாவை மட்டும் பழிப்பது முறையன்று. பசித்தோர் உயிரைக் காத்த உணவு அது. தவிடு நீங்கிய வெள்ளையரிசியும் சீனி மிகுந்த தேநீரும் அதற்குத் துணைநின்றன. குரக்கன் பிட்டு அருகியது, உடலுழைப்பும் குறைந்தது. உடல் செலவிடாத மாச்சத்தையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது. தொடக்கத்தில் நோவில்லை, ஆதலால் நோயாளி அறிவதுமில்லை. ஆயினும், மிகை எடையுள்ளவர் அதிற் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பின் அக்கொழுப்பும் பெரும்பாலும் வற்றுகிறது.