ஜப்பானிய எனாமல் பீங்கான்

வெந்து மெருகேறிய பீங்கானின் மேல் எனாமல் வண்ணங்களால் தீட்டி, மறுபடியும் சூளையில் வைத்து எடுக்கப்படும் ஜப்பானியக் கலங்கள். கியூஷூ தீவின் அரிதா என்ற ஊரில் 17ஆம் நூற்றாண்டில் பிறந்தவை. அருகிலிருந்த இமாரி துறைமுகத்தில் கப்பலேறியதால் உலகச் சந்தை இவற்றை 'இமாரி' என்றே அழைத்தது.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் 'மங்குச் சாமான்' என்று விற்கும் எனாமல் பாத்திரங்கள் வேறு. அவற்றின் உடல் இரும்புத் தகடு. இங்கே உடல் பீங்கான். வெண்கல்லை இடித்துப் பிசைந்து வனைந்த கலம், ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகும். கோபால்ட் நீலம் அந்தச் சூட்டைத் தாங்கி மெருகுக்கு அடியில் நிற்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ ஆகிய எனாமல் நிறங்கள் தாங்கா. ஆகவே உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடித் தூளைக் குழைத்து, வெந்த கலத்தின் மேல் தீட்டி, 800 பாகை அளவில் இரண்டாம் முறை சுடுவார்கள். இரும்பிலிருந்து சிவப்பு வரும், செம்பிலிருந்து பச்சை வரும். பழைய கலத்தைத் தடவிப் பார்த்தால் எனாமல் தீட்டிய இடம் சற்றே மேடாக விரலில் தட்டுப்படும்.

1592 முதல் 1598 வரை நடந்த கொரியப் படையெடுப்பின்போது ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட குயவர்களே இத்தொழிலுக்கு வேர். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங் 1616இல் அரிதாவின் இசுமியாமா குன்றில் வெண்கல்லைக் கண்டார் என்பது மரபுச் செய்தி. சொந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் கைத்திறனை இந்தக் கலங்களின் அழகோடு சேர்த்தே நினைக்க வேண்டும். எனாமல் தீட்டும் முறையை 1640களில் கைவரச் செய்தவராக சகாய்தா காகியேமோன் பெயர் சொல்லப்படுகிறது. வண்ணம் தீட்டுவோர் பின்னர் 'அகாயே-மாச்சி' என்ற தனித் தெருவில் குடியமர்த்தப்பட்டனர். அனுமதி பெற்ற சில பட்டறைகள் மட்டுமே அங்கே இயங்கின. வனைவது ஓரிடம், தீட்டுவது வேறிடம். நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க்காகக் கைமாறும் திருப்பூரில் இருப்பவருக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும்.

காகியேமோன் பாணியில் பால் வெண்மையான பரப்பின் பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்டு, ஓரமாக ஒரு கிளையோ காடைப் பறவையோ நிற்கும். இந்த வெறுமைதான் அதன் பேரழகு. இமாரிப் பாணி நேர்மாறு: நீலம், சிவப்பு, பொன் என்று இடைவெளியின்றி நிரம்பியிருக்கும். நபேஷிமா என்ற வகைக் கலங்கள் விற்பனைக்கு அல்ல. குறுநில மன்னரின் அன்பளிப்புக்காகச் செய்யப்பட்டவை. குதானி என்ற வகை அடர்பச்சைக்கும் மஞ்சளுக்கும் பெயர் பெற்றது.

1644இல் சீனாவில் மிங் ஆட்சி வீழ்ந்து அங்கிருந்து வரத்து தடைப்பட்டபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதா பக்கம் திரும்பியது. 1659இல் ஒரே தவணையில் 50,000க்கும் மேற்பட்ட கலங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நாகசாகியின் தெஜிமா தீவிலிருந்து புறப்பட்ட சரக்கில் ஒரு பங்கு சோழமண்டலக் கரைக்கும் வந்தது. கம்பெனி இங்கே வைத்திருந்த தலைமையிடம் பழவேற்காடு. 1690 முதல் நாகப்பட்டினம். எதிர்த்திசையில் நம் கரையின் பருத்தித் துணி ஜப்பான் போயிற்று. கோடு போட்ட ஒருவகைத் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்றே அழைத்தனர். சென்னைச் சாந்தோமின் பெயர்தான் அது. அரிதாவின் கதையைத் தமிழகத்துக்கு அயல் கதையாக என்னால் பார்க்க முடியாததற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

சீனச் சூளைகள் மீண்டெழுந்து, 1684க்குப் பின் கடல் வணிகம் திறந்ததும், இமாரியையே நகலெடுத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. ஆர்டர் அங்கே நகர்ந்தது. ஜெர்மனியின் மைசென் ஆலையும் 1710இல் தொடங்கப்பட்டபின் காகியேமோன் வடிவங்களைப் பின்பற்றியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அரிதாவின் டச்சு ஏற்றுமதி ஏறக்குறைய ஓய்ந்தது. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் பின் மீண்டும் துளிர்த்தது.

இந்தியாவில் ஜப்பானியக் கலங்களைக் காண ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் நல்ல இடம். அங்கே இமாரியோடு சத்சுமாவும் இருக்கிறது. சத்சுமா பீங்கான் அன்று; வெண்ணெய் நிற மண்கலம், மெருகில் நுண்ணிய விரிசல் ஓடியிருக்கும்.

தமிழகத்தில் எனாமல் பீங்கானின் நெருங்கிய உறவைச் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் பார்க்கலாம். முதல் உலகப் போரில் ஆங்கிலேய ஓடுகளின் வரத்து குறைந்தபோது ஜப்பானின் மஜோலிகா ஓடுகள் அந்த இடத்தைப் பிடித்தன. இவையும் பீங்கான் அல்ல. வெண்மண் ஓட்டில் வண்ண மெருகு பூசியவை. கோடுகள் சிறு வரப்புபோல் உயர்ந்து நின்று, ஒரு நிறம் மற்றொன்றில் கலக்காமல் காக்கும். ரவி வர்மா அச்சுப் படங்களைத் தழுவி இலட்சுமி, சரஸ்வதி, கண்ணன் உருவங்களையும் இந்தியச் சந்தைக்கென்றே செய்து அனுப்பினார்கள். வீடுகள் இடிபடும்போது இவை பெயர்க்கப்பட்டுத் தனித்தனியே விலைபோகின்றன. உடையாத ஓட்டின் முதுகில் ஜப்பானில் செய்யப்பட்டது என்னும் ஆங்கில முத்திரை இன்றும் படிக்கும்படி இருப்பதுண்டு.